கருப்பும் செவலையும்

என் வீட்டுக்காரர் மலாய்க்குக் கப்பலேறப் புறப்பட்ட அன்று, அன்னவாசலில் பஸ்ஸுக்காக நின்றபோது, என்னிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான்.

"நாய்க ரெண்டையும் பாத்துக்க. அப்பா கண்டுக்கிற மாட்டாரு. நீதான் பாக்கணும்."

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சுற்றிலும் பங்காளிகள் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியிடம் வேறென்ன சொல்ல முடியும் என்பதெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை. "சரிங்க" என்றேன். பஸ் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. புழுதி அடங்கும்வரை மாமா அசையாமல் நின்றார். பிறகு வண்டியைப் பூட்டினார். ஊர் வந்து சேரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. மாமியார் நான் வாழ்க்கைப்படுவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆகவே அந்த வீட்டில் இனி அவரும் நானும்தான். அப்புறம் அந்த இரண்டு நாய்கள்.

எனக்கு நாய் என்றால் பயம். பிறந்த வீட்டில் நாய் வளர்த்ததில்லை. இவையோ சாதாரண நாய்கள் அல்ல, வேட்டை நாய்கள். என் வீட்டுக்காரர் இளவட்டமாக இருந்த காலத்தில் சித்தன்னவாசல் பாறைப் பக்கம் சூரைப்புதர்களுக்குள் முயல் விரட்டிக்கொண்டு திரிந்தவை. நான் வந்தபோதே இரண்டும் கிழடு தட்டியிருந்தன. ஆண் நாய் நல்ல உயரம், கறுப்பு. அதைக் கருப்பு என்றே கூப்பிட்டார்கள். எப்போதோ முயலைத் துரத்திப் போய்ப் பாழுங்கிணற்றில் விழுந்ததில் இடுப்பில் அடி பட்டிருந்தது. வயது ஏற ஏற, பின்னங்கால்கள் இரண்டும் விறைத்து, எழுந்திருப்பதற்கே பெரும்பாடு படும். பெட்டை செவலை நிறம். அதற்குக் கண்ணில் பால் படர்ந்ததுபோலப் புரை விழுந்துகொண்டிருந்தது. காதில் ஓயாமல் சீழ் வடியும். தலையைச் சாய்த்துக்கொண்டு காலால் காதைப் பிறாண்டும், பிறாண்டிவிட்டு அழும்.

அந்த அழுகைதான் என் பயத்தைப் போக்கியது என்று நினைக்கிறேன். நான் சோறு வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். ஒரு நாள் அது சோற்றைத் தொடாமல் காதைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஆறவைத்து, பழஞ்சேலைத் துணியை நனைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். கடித்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன். அது தலையை என் முழங்காலில் சாய்த்துக் காதை எனக்குக் காட்டியது. துடைத்து முடிக்கும்வரை அசையவில்லை. அந்தத் தலையின் கனத்தை என் முழங்கால் இன்றைக்கும் மறக்கவில்லை.

அதன்பின் பொழுது விடிந்தால் எனக்கு வேலை சரியாக இருந்தது. கருப்பின் இடுப்புக்கு நொச்சியிலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம். பிறகு விளக்கெண்ணெயைச் சூடுகாட்டி, இடுப்பிலிருந்து பாதம்வரை நீவி விட வேண்டும். தேய்க்கத் தேய்க்க அது கண்ணை மூடிக்கொள்ளும். படுத்தே கிடந்ததில் முழங்கை மூட்டுகளில் தோல் போய்ப் புண்ணாகியிருந்தது. ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் என்று வேப்பெண்ணெய் தடவி, வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சாக்கை விரித்துப் போட்டேன். செவலைக்குக் காதும் கண்ணும். இரண்டுக்கும் பல் போய்விட்டதால் சோற்றைக் குழையவிட்டுப் பிசைந்து வைக்க வேண்டும். கட்டுமாவடிப் பக்கமிருந்து கருவாடு கொண்டுவரும் அம்மாள், கூடையின் அடியில் சேரும் உடைசலை எனக்காக எடுத்து வைப்பாள். அதை உப்புப் போக அலசி, சோற்றோடு வேகவைப்பேன். அந்த மணம் வந்தால் கருப்பு எழுந்திருக்க முயலும். முன்னங்கால் ஊன்றும், பின்னங்கால் வராது. தரையில் இழுத்துக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டு என்னைப் பார்க்கும்.

மாமா இதையெல்லாம் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். வேட்டைக்கு உதவாத நாயை இப்படிப் பார்த்துக்கொள்வது அவர் அறியாதது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நொச்சி ஒடிக்க நான் கண்மாய்க்கரைவரை போய்வருவதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் நாய்கள் படுக்கும் கொட்டகை வாசலில் ஒரு கட்டு நொச்சி கிடந்தது.

செவலைக்கு முதல் வலிப்பு வந்தது அந்த வருஷம் வெயில் காலத்தில். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினால், செவலை பக்கவாட்டில் கிடந்து நான்கு கால்களாலும் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் நுரை. செத்துப்போய்விடும் என்று நினைத்தேன். அடங்கியதும் எழுந்து, இடம் தெரியாததுபோல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் என் முழங்காலைத் தேடிப் பிடித்துத் தலையை முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்து மாமா கண்முன்னாலேயே வந்தது.

மறுநாள் காலை அவர் வண்டியைப் பூட்டிவிட்டு, மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

"டவுன் மாட்டாஸ்பத்திரியில நாயையும் பாப்பாகளாம். கொண்டாரச் சொல்லு."

என்னிடம்தான் சொல்கிறார் என்று புரிந்தது. செவலையைச் சாக்கில் கிடத்தி மடியில் தலையை வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் கேட்டார்கள். "என்னண்ணே, நாய்க்கு வண்டி கட்டிட்டீக?" மாமா மாட்டைத் தட்டி ஓட்டினார். புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர். சமஸ்தானத்து வண்டிக் குதிரைக்குக் குளம்பு பார்த்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். செவலையின் கண்ணை விரித்துப் பார்த்தார், காதைப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"வேட்டை நாயாம்மா?"

"ஒரு காலத்துலங்க. இப்ப வீட்டோடதான் கெடக்கு."

"வயசாயிருச்சு. கண்ணு திரும்ப வராது. வலிப்பும் அடியோட போகாது. கொறைக்கலாம்." வெள்ளைத் தூளைப் பொட்டலங்களாக மடித்துக் கொடுத்தார். "கஞ்சியில கலந்து குடுங்க. வலிப்பு வரும்போது வாயில கைய விட்ராதீங்க. தலைக்கடியில துணி வச்சிட்டு, தள்ளி இருந்து பாத்துக்கங்க. தானா அடங்கும்."

"எத்தன நாளைக்குங்க?"

"மருந்தா? அது இருக்கிறவரைக்கும்தான்."

திரும்பும் வழியில், மாட்டின் முதுகைப் பார்த்தபடியே மாமா கேட்டார். "என்ன சொன்னாரு?" சொன்னேன். "உம்" என்றார். அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அந்தத் தூள் நன்றாகவே வேலை செய்தது. வலிப்பு எப்போதாவதுதான் வந்தது. தீரத் தீர மாமா டவுனுக்குப் போய் வாங்கி வந்தார். என் வீட்டுக்காரரும் பினாங்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து கடுதாசி போட்டுக்கொண்டிருந்தார். எப்போதும் கடைசி வரி நாய்களைப் பற்றித்தான் இருக்கும்.

பிறகு ஜப்பான்காரன் மலாயைப் பிடித்துவிட்டான் என்று பேச்சு வந்தது. கடுதாசி நின்றது. பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டும் பஸ் மாலையில் வந்து நிற்கும்போது, யாராவது பேப்பர் படிப்பார்களா என்று மாமா போய் நிற்பார். சிங்கப்பூரும் போய்விட்டது என்றார்கள். அவ்வளவுதான் தெரிந்தது. மருந்தும் நின்றது. "கப்பல்ல வரவேண்டியதும்மா. வந்தா ஒங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். செவலைக்கு வலிப்பு மறுபடி அடிக்கடி வர ஆரம்பித்தது. அரிசிக்கும் தட்டுப்பாடு. எங்களுக்கே கேப்பைக் கூழும் வரகுச் சோறும்தான். அதையே தண்ணீர் விட்டுக் கரைத்து நாய்களுக்கும் வைத்தேன். கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள்.

"புருசன் இருக்காரா இல்லையான்னே தெரியல. நாய்க்குக் கஞ்சி காச்சிக்கிட்டு இருக்கியே, எப்புடித்தான் மனசு வருது?"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் கெட்டவள் அல்ல. கஞ்சி காய்ச்சாவிட்டால் நான் என்ன செய்வது?

அந்த வருஷம் கருப்பு முற்றிலும் எழ முடியாமல் போனது. ஆனாலும் படுத்த இடத்தில் அசிங்கம் பண்ண அதற்கு மனம் ஒப்பவில்லை. வெளியே போக வேண்டும் என்றால் தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுக்கும். நான் ஒருத்தி அதைத் தூக்க முடியாது. முதல் தடவை நான் திணறிக்கொண்டிருந்தபோது மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் வயிற்றுக்கடியில் கொடுத்தார். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். மறு முனையை நான் பிடித்தேன். நடுவில் கருப்பு முன்னங்காலை ஊன்றி நடந்தது. அப்படியே கொல்லைக்குப் போய், அது முடித்ததும் அப்படியே திரும்பி வந்தோம்.

அதுவே வழக்கமாகிவிட்டது. காலையிலும் மாலையிலும் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். இருவரும் முன்னால் பார்த்தபடி நடந்தோம். முகம் பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயே பேச்சு வந்ததோ என்னவோ. முதலில் நாயைப் பற்றித்தான்.

"மெல்ல. இங்கிட்டுப் பள்ளம்."

"சரிங்க மாமா."

பிறகு ஒரு நாள், கருப்பு கடலைக்கொல்லை ஓரமாக மோந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, அவராகவே சொன்னார்.

"இது குட்டியா இருக்கயில அவன் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுத் திரிவான். ஆத்தா இல்லாத பய. நாயோடதான் படுப்பான். வையாத நாள் கெடையாது நானு."

நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வஞ்சிருக்கக் கூடாது" என்றார்.

அப்படித்தான் என் வீட்டுக்காரரை நான் தெரிந்துகொண்டேன். அவரோடு இருந்த சில மாதங்களில் தெரியாததெல்லாம் கருப்பை நடத்திக்கொண்டு போகும்போது தெரிந்தது. சின்ன வயதில் திக்கிப் பேசுவார் என்பது, பாகற்காய் பிடிக்காது என்பது, கிணற்றில் விழுந்த கருப்பை மீட்க நீச்சல் தெரியாமலே குதித்தது. ஒவ்வொன்றையும் மாமா கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். கருப்பு நிற்கும் நேரம்தான் கதைக்கு நேரம். அது திரும்பினால் கதையும் நின்றுவிடும். சில நாள் அது சீக்கிரம் திரும்பிவிடக் கூடாதே என்று நினைத்துக்கொள்வேன். நானும் கேட்கத் துணிந்தேன்.

"அவுக வந்துருவாகளா மாமா?"

"வருவான்" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், "வராம எங்க போறான்" என்றார்.

ஒரு மார்கழிக் குளிரில் கருப்பு செத்துப்போனது. விடிந்து போய்ப் பார்த்தபோது சாக்கின்மேல் விறைத்துக் கிடந்தது. செவலை அதன் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தது. கடலைக்கொல்லை ஓரத்தில் புதைத்தோம். அன்று மாலை நான் வழக்கமான நேரத்துக்குக் கொட்டகைக்குப் போய்விட்டேன். மாமாவும் வந்திருந்தார். தூக்க ஒன்றும் இல்லை. சற்று நின்றுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

வீட்டில் மறுபடி பேச்சு இல்லாமல் போனது. அப்படியே சில வாரங்கள் போயின. ஒரு மாலை மாமா முற்றத்தில் நின்று செவலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, இதுக்கும் இடுப்பு சரியில்ல போலருக்கே" என்றார்.

செவலைக்கு இடுப்பில் ஒன்றும் இல்லை. கண்தான் அதற்குள் முழுதாகப் போயிருந்தது. கால்கள் நன்றாகத்தான் இருந்தன. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா மாமா. ரெண்டு நாளா நொண்டுது" என்றேன்.

அவர் துண்டை எடுத்தார். செவலை, என்னடா இது என்பதுபோல் ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தது. கடலைக்கொல்லைவரை போய் வந்தோம்.

யுத்தம் முடிந்து நெடுநாள் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். முன்னால் தகவல் ஏதும் இல்லை. நண்பகல். செவலையின் முதுகில் சொறிக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அது திடீரென்று எழுந்து குரைத்தது. குரைத்தே வெகுகாலம் ஆகியிருந்தது. படலுக்கு வெளியே ஒரு மனிதர், தோளில் துணிமூட்டை. கன்னம் ஒட்டி, நிறம் கறுத்து, கால்கள் குச்சியாக நின்றார்.

"செவல" என்று கூப்பிட்டார். அது இன்னும் மூர்க்கமாகக் குரைத்தது. அவர் படலைத் திறக்காமல் அங்கேயே நின்றார். குரலைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. எழுந்து ஓட நினைத்தேன். கையெல்லாம் எண்ணெய். அப்படியே நாயைப் பிடித்துக்கொண்டேன்.

"சும்மா இரு. நம்ம ஆளுதான்" என்றேன் அதனிடம்.

உள்ளே வந்து குனிந்து கையை நீட்டினார். செவலை மோந்து பார்த்தது. பிறகு திரும்பி என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

"என்னயத் தெரியல இதுக்கு."

"கண்ணு தெரியாதுங்க. காதும் மந்தம்."

"மூக்கு?"

நான் கையிலிருந்த மிச்ச எண்ணெயைச் செவலையின் முதுகில் தடவினேன். அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். "கருப்பு எங்க?" என்றார். கடலைக்கொல்லைப் பக்கம் கையைக் காட்டினேன். மூட்டையை இறக்காமலே அங்கே நடந்து போனார். அங்கேதான் மாமா களை வெட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் மகனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். மூட்டை மாமாவின் தோளில் இருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அவருக்கு ஒரு சட்டியிலும் செவலைக்கு ஒரு சட்டியிலும் கஞ்சி காய்ச்சினேன். மலாயைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நான் காது துடைப்பதையும் கஞ்சி ஊட்டுவதையும் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். உடம்பு கொஞ்சம் தேறியதும், "நான் வைக்கிறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு போனார். செவலை வாய் வைக்கவில்லை. மறுநாளும் போனார். தட்டை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். சில நாளில் தின்றது. ஆனால் தின்று முடித்ததும் எழுந்து என்னிடம் வந்துவிடும்.

ஒரு நாள் காலை, கிணற்றடியிலிருந்து வரும்போதே சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். செவலைக்கு வலிப்பு. அவர் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டிருந்தார்.

"வாயில கைய விட்றாதீங்க" என்று சொன்னேன்.

"தெரியும். ஒன்னயப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

தன் தோள்துண்டை மடித்து அதன் தலைக்கடியில் வைத்திருந்தார். அடங்கும்வரை அப்படியே இருந்தார். செவலை எழுந்து எப்போதும்போல் சுற்றிச் சுற்றி வந்தது. நான் வாசலில் நின்றிருந்தேன். அது என்னிடம் வரவில்லை. அவருடைய முழங்காலைத் தேடிப் பிடித்துத் தலையை முட்டிக்கொண்டு நின்றது. அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்றைக்குத்தான் கொஞ்சம் பேசினார்.

"அங்க காச்சல்ல கெடந்தப்ப எனக்கு ஒருத்தன் இப்புடித்தான் கஞ்சி ஊத்துனான். எந்த ஊருக்காரன்னுகூடத் தெரியாது." செவலையின் காதைத் தடவிக்கொண்டே, "ஒன்னய நெனச்சா அழுக வந்துரும். அதனால நாய்கள நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். இந்நேரம் அவ கஞ்சி வச்சிருப்பா, இந்நேரம் தடவிக் குடுத்திருப்பான்னு" என்றார்.

பஸ்ஸடியில் நான் எதிர்பார்த்த வார்த்தை அப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

அதன்பிறகு செவலை ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தது. பிறகு அதையும் விட்டது. கடைசிப் பொழுதில் தலை என் மடியில் இருந்தது, கால்கள் அவர் மடியில். மாமா விசிறிக்கொண்டிருந்தார். குழி வெட்ட மகன் மண்வெட்டியைக் கேட்டபோது மாமா கொடுக்கவில்லை. தானே வெட்டி, கருப்பின் பக்கத்தில் புதைத்தார்.

என் வீட்டுக்காரர் வந்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். நன்றாகவே வாழ்ந்தோம். இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மகன் வந்தபின் மாமா என்னோடு பேசுவது நின்றுபோனது. சொல்ல வேண்டியதை மகனிடம் சொன்னார், அவர் என்னிடம் சொன்னார். முறை அதுதான், யார் மேலும் குற்றமில்லை. ஆனால் மாலை நேரம் வந்தால் என் கை அந்தத் துண்டின் முனையைத் தேடும். புருஷன் ஊரில் இல்லாமல் தவித்த காலத்துக்கு, அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி ஏங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்? அவரிடம்கூட வெகுகாலம் கழித்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் இருந்திருந்தா அப்பா பேசுனது எனக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"நீங்க இருந்திருந்தா அது நடந்தே இருக்காதுங்க" என்றேன்.

செவலை போன அடுத்த தை மாதம் என் வீட்டுக்காரர் குளத்தூரிலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். நல்ல துடியான குட்டி. காது சுத்தம், கண் தெளிவு, நாள் முழுக்கக் கோழியை விரட்டிக்கொண்டிருந்தது. மாமா முற்றத்தில் நின்று அது ஓடுவதைப் பார்த்தார். நானும் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். அதற்கு யாருடைய கையும் தேவைப்படவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு மாமா மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார்.